2,500 வெள்ளியில் ஒரு கேமிங் கணினி: திரையில் தொடங்கிய பாகத் தேர்வு

அக்கா மகனுக்கு இந்தக் கணினியைக் கட்டிக் கொடுத்தது 2024 நடுவில். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு, ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் இடம் கிடைக்குமா என்று அவன் காத்திருந்த நேரம். சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஓர் இரும்புக் கடையில் பகுதிநேர வேலை பார்த்துக் கொஞ்சம் சேர்த்திருந்தான். அக்காவும் தன் பங்குக்குப் போட, கையில் 2,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) நின்றது. திரையும் இதற்குள் அடக்கம். கீபோர்டும் மவுஸும் மட்டும் ஏற்கெனவே வீட்டில் இருந்தன.

நான் செம்பனை ஆலையில் வயர்மேன். கணினி கட்டுவது விடுமுறை நாள் வேலை. பக்கத்துக் குடியிருப்புத் தாமான்களிலும், இன்னும் ஆள் இருக்கிற தோட்டத்து லயங்களிலும் சில பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். அதனால் பாகப் பட்டியல் ஒன்றைப் பார்த்தால் என் கண் முதலில் போவது கடைசி வரிக்கு. பவர் சப்ளை அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அக்கா மகன் கொண்டுவந்த பட்டியலிலும் அப்படித்தான். யூடியூபில் பார்த்து எழுதியது. முதல் வரியில் ரைசன் 7, அடுத்தது தண்ணீர்க் கூலர், அப்புறம் விளக்கு விசிறிகளோடு ஒரு கண்ணாடிப் பெட்டி. கிராஃபிக்ஸ் கார்டு நடுவில் எங்கேயோ. கடைசியில் பெயர்கூடப் போடாமல் "பவர் சப்ளை 700 வாட், 90 வெள்ளி". திரையைக் காணோம். கேட்டால், "டிவியில சொருகிக்கலாம் மாமா" என்றான்.

சரி, முதலில் திரையைப் பேசுவோம் என்று உட்கார வைத்தேன். காசு குறைவாக இருக்கும்போது எல்லாக் கேள்விக்கும் பதில் திரையில்தான் இருக்கிறது. எத்தனை புள்ளிகளை, வினாடிக்கு எத்தனை முறை வரைய வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அதற்கு எந்தக் கார்டு போதும், அந்தக் கார்டுக்கு எந்த பிராசஸர் போதும், இரண்டுக்கும் எத்தனை வாட் போதும் என்று வரிசையாகப் பின்னால் வந்துவிடலாம். பிராசஸரிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இன்னும் 80 வெள்ளி போட்டால் அடுத்த மாடல், இன்னும் 100 போட்டால் அதற்கும் மேல் என்று ஏறிக்கொண்டே போவார்கள்.

அவன் ஆடுவது வேலோரண்ட், ஜிடிஏ 5, ஒரு கால்பந்து விளையாட்டு. எப்போதாவது நண்பன் வீட்டில் பார்த்த பெரிய கதை விளையாட்டுகள். இதில் வேலோரண்ட்தான் முக்கியம். அதற்குப் படத்தின் அழகைவிட வேகம் முக்கியம். வீட்டு டிவி 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 60 படம். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 16.7 மில்லிவினாடி. 165 ஹெர்ட்ஸ் திரையில் அது 6 மில்லிவினாடி. மூலையிலிருந்து எதிரி எட்டிப் பார்க்கும் விளையாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிவி தன் பங்குக்குப் படத்தை மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று கொஞ்சம் தாமதிப்பது வேறு.

24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ், 165 ஹெர்ட்ஸ் என்று முடிவு செய்தோம். 1440பி கேட்டான், மறுத்துவிட்டேன். 1080பி திரையில் ஏறக்குறைய 2.07 மில்லியன் புள்ளிகள், 1440பி-யில் 3.69 மில்லியன். கிட்டத்தட்ட 1.8 மடங்கு வேலை. அந்த வேலையைச் செய்யும் கார்டை வாங்கினால் மீதிக்குக் கையில் காசு இருக்காது. தள்ளுபடி நாளில் ஷாப்பியில் திரை 400 வெள்ளிக்கு வந்தது. மீதம் 2,100.

கார்டு விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். காசும் இங்கேதான் போகும், ஏமாற்றும் இங்கேதான் நடக்கும்.

1080பி-க்கு எங்கள் கையிருப்பில் பார்க்கக்கூடியவை ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்எக்ஸ் 6600, செகண்ட் ஹேண்டில் ஆர்டிஎக்ஸ் 3060. முதலாவதை உடனே தள்ளிவிட்டேன். விலை குறைவுதான், ஆனால் 4 ஜிபி நினைவகம்; மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கே தடங்கள். பழைய தலைமுறை போர்டில் மாட்டினால் அந்த நான்கு தடமும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். விளையாட்டைப் பதிவு செய்ய உதவும் வீடியோ என்கோடர்கூட அதில் கிடையாது. 3050-க்குப் பெயர் இருக்கிறது, ஆனால் நாங்கள் பார்த்த கடைகளில் அது 6600-ஐவிட விலை அதிகம், ஓட்டமோ குறைவு. பெட்டியில் என்விடியா என்று போட்டிருப்பதற்கான காசு அது. 3060 நல்ல கார்டு, 12 ஜிபி நினைவகம். அவன் ப்ளெண்டர் மாதிரி முப்பரிமாண மென்பொருள் படிக்கப் போகிறவனாக இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். அந்த வேலைக்கு என்விடியாதான் தோது. விளையாட்டுக்கு மட்டும் என்றால் 6600 போதும். 8 ஜிபி, 132 வாட், எட்டு முனை இணைப்பு ஒன்றே ஒன்று. 2021 அக்டோபரில் வந்த கார்டு என்பதால் டிரைவர் தொல்லைகளும் அடங்கிவிட்டன.

புதிது வாங்குவதா, பழையதா? அப்போது புதிதுக்கு 850 முதல் 900 வரை கேட்டார்கள். பழையது 600-க்குக் கிடைத்தது. மிச்சமாகும் அந்த 250-ஐ எங்கே போட வேண்டும் என்று என் மனதில் ஏற்கெனவே கணக்கு இருந்தது, அதனால் பழையதைத் தேடினோம்.

2022 செப்டம்பர் 15-இல் எத்தீரியம் என்ற மின்நாணயம், கார்டுகளை ஓட்டித் தோண்டும் (மைனிங்) முறையைக் கைவிட்ட பிறகு, அதைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. குறைந்த மின்சாரத்தில் நன்றாகத் தோண்டும் என்பதால் 6600 மைனர்களுக்குப் பிடித்த கார்டாக இருந்தது. ஆகவே மைனிங் கார்டு கையில் சிக்க வாய்ப்பு அதிகம். மைனிங் என்றாலே ஓடிவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குறைந்த வாட்டில் ஒரே சீராக ஓடிய சிப்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. தேய்வது விசிறி பேரிங், காய்வது வெப்பப் பசை, கெடுவது நினைவகத்தின் மேல் ஒட்டியிருக்கும் திண்டு. நம் ஊர் ஈரத்தில் இன்னொன்றும் உண்டு: காற்றோட்டத்துக்காகத் திறந்த கொட்டகையில் ஓட்டிய கார்டில் திருகாணித் தலையும் பின்தகடும் துருப்பிடித்திருக்கும். படத்தில் அந்த மூலையைக் காட்டச் சொன்னால் விற்பவர் காட்டும் தயக்கத்திலேயே தெரிந்துவிடும்.

அதைவிட மோசமானவை போலிகள். 150 வெள்ளிக்குப் புத்தம் புதிய 1050 டிஐ என்று விளம்பரம் வரும். உள்ளே 2010 காலத்து ஜிடிஎஸ் 450 சிப் இருக்கும்; உள்நிரலான பயாஸை மாற்றி எழுதி விண்டோஸை நம்ப வைத்திருப்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச நிரலில் திறந்தால் பெயருக்கு முன்னாலேயே போலி என்று காட்டிவிடும். ஆர்எக்ஸ் 580 வாங்கப் போகிறவர்கள் 2048எஸ்பி என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பெயர் மாற்றிய 570. அதை 580 விலைக்கு வாங்கத் தேவையில்லை.

எங்களுக்குக் கிடைத்தவர் கோலகங்சாரில் ஒரு தம்பி. பெரிய கார்டுக்கு மாறுகிறார். பெட்டி, ரசீது, இன்னும் ஓராண்டு வாரண்டி, அதுவும் சீரியல் எண்ணோடு தொடரும் வாரண்டி. "வீட்டுக்கே வாங்கண்ணே, ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். அப்படிச் சொல்லாதவரிடம் நான் வாங்குவதே இல்லை. அவர் கணினியிலேயே, கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க்கை அரை மணி நேரம் ஓட விட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே விசிறிச் சத்தத்தைக் கேட்டோம். வெப்பம் 72-இல் நின்றது, உள்ளே அதிக சூடான புள்ளி 86. இரண்டுக்கும் இடைவெளி 15 பாகைக்குள் இருந்தால் பசை இன்னும் உயிரோடிருக்கிறது என்று வைத்துக்கொள்வேன். 25-ஐத் தாண்டினால் பசை மாற்றும் கூலியைக் கழித்துத்தான் விலை பேசுவேன். மூன்று டிஸ்பிளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ, எல்லாத் துளையிலும் வயரைச் சொருகிப் படம் வருகிறதா என்று பார்த்தோம். 600 வெள்ளி கைமாறியது.

பிராசஸர் எளிது. ரைசன் 5 5600. ஆறு கோர், 65 வாட், 32 எம்பி எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்), கூலரும் பெட்டியிலேயே வரும். 450 வெள்ளி. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் 5500, 5600ஜி இரண்டையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அவற்றில் கேஷ் பாதிதான். 5600ஜி-யில் உள்ளேயே கிராஃபிக்ஸ் உண்டு. கார்டு வாங்கவே காசில்லை, ஆறு மாதம் கழித்து வாங்குவேன் என்கிறவர்களுக்கு அது சரி. கார்டு இப்போதே வாங்குகிறவர்களுக்குத் தேவையில்லை. இன்டெல் பக்கம் ஐ3 12100எஃப் இன்னும் மலிவு. ஆனால் நான்கு கோர். டிஸ்கார்டும் குரோமும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க விளையாடுகிற பையனுக்கு ஆறு இருக்கட்டும் என்று தோன்றியது. ரைசன் 7 போட்டிருந்தால் இந்தக் கார்டோடு 1080பி-யில் சொல்லும்படியாக எதுவும் கூடியிருக்காது. தண்ணீர்க் கூலருக்கு அவன் ஒதுக்கியிருந்த காசு அப்படியே மிஞ்சியது.

போர்டுக்கு பி450எம், 290 வெள்ளி. பி550-இல், கார்டோடு இரட்டை வேகத்தில் பேசும் பிசிஐஇ 4.0 இருக்கிறதே என்று ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸில் கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். ஆனால் 6600 எட்டுத் தடங்களில் பேசும் கார்டு. 3.0 போர்டில் போட்டாலும் இழப்பு மிகச் சிறிது. ஆடும்போது கண்ணுக்குப் படாது. நான் பார்த்தது மூன்றுதான். மெமரிக்கு நான்கு துளை வேண்டும். மின்சாரம் பிரிக்கும் பகுதியின் மேல் வெப்பத் தகடு ஒட்டியிருக்க வேண்டும். பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ் பட்டன் வேண்டும். பி450 சிப்செட் 2018-இல் வந்தது, 5600 பிராசஸர் 2022 ஏப்ரலில். கடை அலமாரியில் நெடுநாள் கிடந்த போர்டுக்கு இந்த பிராசஸர் யாரென்றே தெரியாது. தெரியாவிட்டால் திரையில் ஒன்றும் வராது. விசிறி மட்டும் சுற்றும். ஃபிளாஷ் பட்டன் இருந்தால் வேறு பழைய பிராசஸர் இல்லாமலே, வெறும் பென்டிரைவில் புதுப்பித்துவிடலாம். பெரிய பட்டணத்தில் இருந்தால் கடையிலேயே செய்து வாங்கிவிடலாம். இங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் ஈப்போவுக்கு எண்ணெய் போட்டு ஓட முடியாது, ஆகவே பட்டன் வேண்டும்.

மெமரி: டிடிஆர்4 3200, 8 ஜிபி இரண்டு, 150 வெள்ளி. ஒற்றை 16 வாங்க வேண்டாம்; இரண்டாக இருந்தால் இரட்டைச் சானலில் ஓடும். அந்த விலை இப்போது கிடைக்காது. 2025 கடைசியில் மெமரி ஏறிய ஏற்றத்தில் இந்தக் கணக்கே மாறிவிட்டது, இன்று கட்டுகிறவர்கள் முதலில் மெமரி விலையைப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குவது நல்லது. எஸ்எஸ்டி 1 டிபி என்விஎம்இ, 250. 500 ஜிபி வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்றான். ஜிடிஏ 5 ஒன்றே 100 ஜிபிக்கு மேல் தின்கிறது. வேகம் எத்தனை ஆயிரம் எம்பி என்று பெட்டியில் கத்தும் எண்ணைப் பார்க்கவில்லை, அதிக நாள் தாங்கும் டிஎல்சி வகையா என்று மட்டும் பார்த்தோம்.

கையில் மீதி 360. இதில்தான் பவர் சப்ளையும் பெட்டியும்.

இந்த இடத்தில் ஆலையில் வேலை பார்க்கிறவன் பேசுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மகன் எழுதிய அந்த "700 வாட்" மாதிரி ஒன்று நண்பர் ஒருவரின் பெட்டியோடு இலவசமாக வந்திருந்தது. அதன் ஒட்டுத்தாளைக் காட்டினேன். 12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசஸரும் உயிர் வாழ்வது இந்த 12 வோல்ட் வரியில்தான். மேலே பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தாலும் இவ்வளவுதான் கிடைக்கும். நல்ல 550 வாட் சப்ளையில் அதே வரியில் 45 ஆம்பியர் இருக்கும், அதாவது 540 வாட். கடைக்குப் போகிறவர்கள் இந்த ஒரு பெருக்கலைச் செய்தால் பாதிக் குப்பை கழிந்துவிடும்.

எங்கள் தேவை என்ன? கார்டு 132, பிராசஸர் மிஞ்சிப் போனால் 76, மற்றதெல்லாம் சேர்ந்து 50. மொத்தம் 260-க்குள். 550 வாட் தாராளம். 80 பிளஸ் வெண்கலச் (புரோன்ஸ்) சான்று பெற்ற ஒன்றை, ஐந்தாண்டு வாரண்டியோடு, 210-க்கு வாங்கினோம். 80 பிளஸ் சான்று என்பது திறனை மட்டும் சொல்கிறது. உள்ளே பாதுகாப்புச் சுற்று இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்கு அட்டைப் பெட்டியில் மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச் சுற்று ஆகியவற்றுக்கான பாதுகாப்பு எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரண்டி எத்தனை ஆண்டு என்பதும் ஒரு சாட்சி. தன் பொருளைத் தானே நம்பாதவன் ஐந்தாண்டு தரமாட்டான்.

சப்ளை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சுவரில் எர்த் இல்லையென்றால் பயனில்லை. அக்கா வீடு பழைய லயத்தை ஒட்டிக் கட்டிய வீடு. மூன்று துளை பிளக் போயிண்ட் இருந்தது, மேல் துளைக்குப் பின்னால் பச்சை-மஞ்சள் வயர் எங்கும் போய்ச் சேரவில்லை. இந்த மாதிரி வீடுகளில் கணினிப் பெட்டியின் உலோகத்தைப் புறங்கையால் தடவினால் சுருசுருவென்று இருக்கும். சப்ளையின் உள்ளே இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெப்பாசிட்டர்கள் எர்த்தோடு கட்டப்பட்டிருக்கும். எர்த் எங்கும் போகாதபோது பெட்டியே 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதியில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறிது, ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த நிலையில் யுஎஸ்பியோ எச்டிஎம்ஐயோ சொருகும்போது துளைக்குள் பொறி தட்டி போர்டு போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் போயிண்டுக்கு எர்த் இழுத்து, எர்த் தண்டை அளந்து பார்த்து, மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இஎல்சிபி விழுகிறதா என்று சோதித்த பிறகுதான் பாகங்களைப் பெட்டியிலிருந்தே எடுத்தோம். இதை யாரும் தானாகச் செய்ய வேண்டாம். எரிசக்தி ஆணையமான சுருஹன்ஜாயா தெனாகாவில் பதிந்த வயர்மேனைக் கூப்பிடுங்கள். கூலி கொஞ்சம்தான் ஆகும், கார்டின் விலையில் ஒரு மூலைகூட வராது.

இடி இன்னொரு கதை. பேராக்கில் மாலை மழை என்றால் சாதாரணமாக வராது. சர்ஜ் புரொடெக்டர் வைத்த நீட்டிப்பு ஒன்றை மாமன் சீராக நானே வாங்கிக் கொடுத்தேன். அதன் உள்ளே இருக்கும் உறுப்பு ஒவ்வோர் இடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் நீட்டிப்பு வயர்தான். மழை கறுத்தால் பிளக்கைப் பிடுங்கு, லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்கு என்று சொல்லியிருக்கிறேன். ஃபைபர் வந்துவிட்டது, இனி லைனில் இடி வராது என்கிறார்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராதுதான். ஆனால் ரௌட்டருக்குக் கரண்ட் சுவரிலிருந்து வருகிறது, ரௌட்டரிலிருந்து லேன் வயர் நேராக போர்டுக்குப் போகிறது.

பெட்டிக்கு மிஞ்சியது 150. கண்ணாடி முகப்புப் பெட்டியைப் பார்த்து அவன் கண் நிலைகுத்தி நின்றது. அந்த முகப்பில் காற்று நுழைய இடமே இல்லை. அறையில் ஏசி இல்லை. மத்தியானம் 33 பாகை. முன்பக்கம் முழுக்க வலை போட்ட, விசிறிகளோடு வந்த ஒரு சாதாரணக் கறுப்புப் பெட்டி 130-க்கு. வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவும் வடிகட்டி இருப்பதைப் பார்த்து வாங்கினேன். தோட்டத்துச் செம்மண் சாலையில் லாரி போனால் தூசி வீட்டுக்குள்தான் இறங்கும். இன்னொன்று பல்லி. சூடான இடம் தேடிப் பல்லியும் எறும்பும் வரும். பின்பக்கம் பயன்படாத கார்டுத் துளைகளின் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிடுகிற பழக்கம் சிலருக்கு உண்டு. அந்த வழியாகத்தான் உள்ளே போகும். சப்ளைக்குள் பல்லி ஒன்று குறுக்கே விழுந்து செத்தால் இரண்டும் போய்விடும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு சின்ன மேசை மேல் ஏற்றினோம்.

ஆகக் கூட்டினால் 2,480. எல்லாம் உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கியவை. வெளிநாட்டிலிருந்து நேராக இறக்கலாம் என்று அவன் ஒரு செயலியைக் காட்டினான். 500 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிப் பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 சதவிகித வரி. அதையும் கட்டி, வாரண்டிக்கு எவனிடம் போய் நிற்பது?

பொருத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு முன்திண்ணையான ஐந்தடியில். அவனையே செய்ய வைத்தேன், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். பிராசஸரின் தங்க முக்கோணத்தைத் துளையின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைக்க வேண்டும். சரியாக இருந்தால் தானாகவே இறங்கும். பெட்டியோடு வரும் கூலரை மாட்டுவதற்குமுன் போர்டில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும், ஆனால் பின்தகடு கீழே விழாமல் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு திருகாணியையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினான். மெமரி இரண்டும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துளையில். பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் இரட்டைச் சானல் கிடைக்காது.

எதிர்பார்த்த மாதிரியே முதல் தடவை போட்டதும் திரை கறுப்பு. போர்டின் சிவப்பு விளக்கு பிராசஸர் பக்கம் நின்றது. பயாஸ் பழையது. பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்து, தயாரிப்பாளர் தளத்திலிருந்து எடுத்த கோப்புக்குக் கையேட்டில் சொன்ன பெயரை வைத்து, குறித்த யுஎஸ்பி துளையில் சொருகிப் பட்டனை அழுத்தினான். விளக்கு மினுக்கத் தொடங்கியது. இந்த நேரத்தில் கரண்ட் போனால் போர்டுக்கு ஆபத்து. மழை இல்லாத காலை நேரத்தைத் தேர்ந்தது அதற்காகத்தான். அக்கா உள்ளே வந்து, "என்ன தம்பி, காசு போட்டது வெறும் லைட் பாக்கவா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் வைத்துவிட்டுப் போனார். மினுக்கல் நின்றபின் மறுபடி போட்டால் படம் வந்தது.

பயாஸுக்குள் செய்ய வேண்டியவை சில உண்டு. இவற்றை விட்டுவிட்டுப் பாகம் சரியில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மெமரி 3200 என்று வாங்கினாலும் தானாக அந்த வேகத்தில் ஓடாது, எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். விண்டோஸ் 11-இல் வேலோரண்ட் ஆட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் வேண்டும். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்-ஆன எஃப்டிபிஎம்-ஐ இயக்கி, பழைய தொடக்க முறையான சிஎஸ்எம்-ஐ அணைத்து, அதற்குப் பிறகு விண்டோஸை நிறுவினால் வட்டு இதற்குத் தேவையான ஜிபிடி முறையில் அமைந்துவிடும். நிறுவிய பின் மாற்றப் போனால் இரட்டை வேலை. விண்டோஸ் 10-ஏ போடலாமா என்றான். 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு ஆதரவு முடிகிறது என்று அப்போதே தெரிந்திருந்ததால் வேண்டாம் என்றேன்.

திரை வயரைக் கார்டில் சொருக வேண்டும், போர்டில் இல்லை. 5600-இல் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்பதால் போர்டில் சொருகினால் எதுவும் வராது. அப்புறம் விண்டோஸின் திரை அமைப்பில் போய் 165 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது தானாக 60-இல்தான் நிற்கும். 165 திரை வாங்கி ஓராண்டாக 60-இல் ஆடிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

வேலோரண்ட் வினாடிக்கு 200 படத்துக்குக் கீழே இறங்கவில்லை. ஜிடிஏ 5 உயர்ந்த அமைப்பில் 100-ஐ ஒட்டி ஓடியது. மத்தியான வெயிலில், விசிறி மட்டும் சுற்றும் அறையில், பிராசஸர் 78, கார்டு 74. கூலர் கொஞ்சம் சத்தம் போடுகிறது. ஹெட்போன் போட்டால் கேட்காது, பக்கத்து அறையில் தூங்குகிறவர்களுக்குக் கேட்கும். அது உறுத்தினால் பின்னாளில் 80 வெள்ளிக்கு ஒரு கோபுரக் கூலர் மாற்றலாம்.

அக்காவுக்கு ஒரே கவலை, கரண்ட் பில். சுவர் மீட்டரை மாட்டிப் பார்த்தோம். ஆடும்போது திரையோடு சேர்த்து 300 வாட்டுக்குள், சும்மா இருக்கும்போது 60-ஐச் சுற்றி. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் ஆடினால் 1.2 யூனிட், மாதத்துக்கு 36. அவர்கள் வீடு மாதம் 200 யூனிட்டைத் தாண்டும் வீடு; மின்சார நிறுவனமான டிஎன்பி-யின் அப்போதைய கட்டணத்தில் 200-க்கு மேல் 300 வரை யூனிட்டுக்கு 33.4 சென். ஆகப் பன்னிரண்டு வெள்ளி சொச்சம். கணக்கைக் கேட்டதும் அக்கா மகனைப் பார்த்தார். பன்னிரண்டையும் சம்பளத்தில் மாதா மாதம் தருவதாக அவன் ஒத்துக்கொண்டான்.